பொமேட் வாங்கும் முன்: பிடிப்பு, பளபளப்பு, அப்புறம் அலசல்

பொமேட் என்பது முடியைப் படிய வைக்கத் தடவும் களிம்பு. அந்த டப்பாவைக் கையில் எடுத்ததும் எல்லோரும் தேடுவது இரண்டு விஷயங்களைத்தான். பிடிப்பு எவ்வளவு, பளபளப்பு எவ்வளவு. 'ஸ்ட்ராங் ஹோல்ட், ஹை ஷைன்' என்று மூடியில் இருந்தால் உடனே வாங்கிவிடுகிறோம். என் முதல் டப்பாவை நானும் அப்படித்தான் வாங்கினேன். காலையில் முடி நினைத்தபடி படிந்தது, மின்னியது, மனசு நிறைந்தது. இரவு குளிக்கும்போதுதான் விஷயம் தெரிந்தது. மூன்று முறை ஷாம்பு போட்டும் தலையில் மெழுகு அப்பியது அப்படியே இருந்தது. தண்ணீர் முடிமேல் முத்து முத்தாக உருண்டு ஓடியதே தவிர உள்ளே இறங்கவில்லை. மறுநாள் தலையணை உறையில் தட்டு அளவுக்கு ஒரு கறை.

அந்த டப்பாவில் எந்தக் குறையும் இல்லை. அது எண்ணெய்ப் பொமேட். செய்ய வேண்டியதைச் சரியாகச் செய்தது. வாங்கும் முன் நான்தான் இரண்டு கேள்விகளை என்னிடமே கேட்டிருக்க வேண்டும். பகலில் மறுபடி சீப்பு போடுவேனா? இரவில் எப்படி அலசப் போகிறேன்? இவற்றுக்குப் பதில் தெரிந்தால் எந்த வகை என்பது பாதி முடிவாகிவிடும். பிடிப்பையும் பளபளப்பையும் அந்த வகைக்குள் பார்த்துக்கொள்ளலாம்.

மூன்று வகை

முதலாவது எண்ணெய் வகை. பெட்ரோலேட்டம், அதாவது வாசலின் என்று நாம் சொல்லும் அதே பொருள்தான் இதற்கு அடிப்படை. கூடவே மினரல் ஆயில், தேன்மெழுகு, சிலவற்றில் ஆட்டு ரோமத்திலிருந்து எடுக்கும் லானோலின். தண்ணீர் கிடையாது, அதனால் காய்ந்து போக எதுவும் இல்லை. காலையில் தடவியது மாலையிலும் அதே பதத்தில் இருக்கும். காற்றில் கலைந்தால் சீப்பால் நாலு இழுப்பு, பழையபடி படிந்துவிடும்.

பொமேட் என்ற பெயர் ஒட்டியதும் இந்த வகைக் களிம்புகளுக்குத்தான். லத்தீனில் பழத்தையும் ஆப்பிளையும் குறிக்கும் 'போமம்' என்ற சொல்லிலிருந்து அது வந்தது. அந்தக் காலத்துக் களிம்புகளில் ஆப்பிளை மசித்துச் சேர்த்திருக்கிறார்கள். 18, 19-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் கரடிக் கொழுப்பைத் தலைக்குத் தடவினார்கள். விலங்குக் கொழுப்பு நாளானால் கெட்டு வாடை அடிக்கும். 1872-இல் ராபர்ட் செஸ்பரோ அமெரிக்காவில் வாசலினுக்குக் காப்புரிமை பெற்றார். பெட்ரோலேட்டம் கெட்டுப்போகாது, தனக்கென வாடையும் இல்லை. கொழுப்பின் இடத்தை அது பிடித்துக்கொண்டதில் ஆச்சரியமில்லை. 1925-இலிருந்து இருக்கும் மர்ரேஸ் என்ற பொமேட் இன்னும் அந்த வழியில்தான் போகிறது.

இரண்டாவது, தண்ணீர் அடிப்படையில் செய்து, காய்ந்ததும் இறுகும் வகை. டப்பாவைத் திறந்தால் ஜெல்லி மாதிரி கண்ணாடிப் பதத்தில் இருக்கும். பிவிபி போன்ற பாலிமர்கள், அதாவது காய்ந்தால் பிசின் போல ஒட்டும் பொருள்கள், இதில் உண்டு. தண்ணீர் ஆவியாகும்போது பாலிமர் முடிகளுக்கு இடையே மெல்லிய படலமாகி அவற்றைச் சேர்த்து ஒட்டுகிறது. பிடிப்பு நன்றாகவே இருக்கும். ஆனால் மதியம் சீப்பு போட்டால் படலம் உடையும். உடைந்தது திரும்ப ஒட்டாது. சில சமயம் வெள்ளைத் துகளாகத் தோளில் உதிரும், பார்ப்பவர்கள் பொடுகு என்று நினைப்பார்கள்.

மூன்றாவதும் தண்ணீரில் கரைவதுதான், ஆனால் இறுகாது. எண்ணெயையும் மெழுகையும் தண்ணீரோடு கலக்க வைக்கும் பொருள்களைச் சேர்த்து, கிரீம் மாதிரியோ மென்மையான மெழுகு மாதிரியோ செய்திருப்பார்கள். பாலிமர் இருக்காது, அல்லது கொஞ்சமாக இருக்கும். எண்ணெய் வகையைப் போலப் பகலில் மறுபடி வாரலாம், தண்ணீர் வகையைப் போல இரவில் அலசலாம். இரண்டிலும் பாதி கிடைக்கும் என்று சிலர் குறை சொல்வார்கள். தினமும் தலைக்குக் குளிப்பவருக்கு அந்தப் பாதியே போதும் என்பது என் கருத்து.

பிரில்கிரீமை எங்கே வைப்பது என்று கேட்பீர்கள். 1928-இல் பர்மிங்காமில் உருவான அது, தண்ணீரும் மினரல் ஆயிலும் தேன்மெழுகின் உதவியோடு கலந்த கிரீம். பளபளப்பு தாராளம், பிடிப்பு குறைவு. படிய வாரிய முடிக்கு இன்றைக்கும் அருமையானது. முன்முடியைத் தூக்கி நிறுத்த வேண்டுமென்றால் அது உதவாது.

ஒரே நிறுவனம் எல்லா வகையையும் விற்கும் என்பதையும் மறக்கக் கூடாது. ராட்டர்டாமைச் சேர்ந்த ராய்சல் டப்பாக்களைப் பாருங்கள். இளஞ்சிவப்பும் பச்சையும் எண்ணெய் வகை. நீலமும் சிவப்பும் தண்ணீரில் கரைவன. 'ராய்சல் நல்லா இருக்கு' என்று நண்பர் சொன்னால், எந்த நிற டப்பா என்று கேட்காமல் வாங்கக் கூடாது. நிறம் மாறினால் உங்கள் இரவுக் குளியலே மாறிவிடும்.

பிடிப்பு என்பது ஒன்றல்ல

எண்ணெய்ப் பொமேட்டின் பிடிப்பு பாரத்தாலும் பிசுபிசுப்பாலும் வருவது. முடியை அழுத்திப் பிடித்து வைக்கும், அசைத்தால் இசைந்து கொடுக்கும். இறுகும் வகையின் பிடிப்பு ஒட்டினதால் வருவது. தொடும் வரை அசையாது, தொட்டால் முறியும். இரண்டையுமே டப்பாவில் 'ஸ்ட்ராங்' என்றுதான் எழுதுகிறார்கள். அந்தச் சொல்லுக்குப் பொதுவான அளவுகோலும் கிடையாது. ஒரு நிறுவனத்தின் 'மீடியம்' இன்னொன்றின் 'ஸ்ட்ராங்' ஆக இருக்கலாம்.

எண்ணெய் வகைக்குள் பிடிப்பைத் தீர்மானிப்பது மெழுகு. பெட்ரோலேட்டம் 38 முதல் 60 டிகிரிக்குள் உருகும், அதற்கு வெகு முன்பே இளகத் தொடங்கும். தேன்மெழுகு உருக 62 முதல் 64 டிகிரி வேண்டும். கார்னௌபா என்ற பனை இன மரத்தின் மெழுகுக்கு 80-க்கு மேல். ஆகவே மெழுகு கூடக் கூட வெயிலுக்குத் தாங்கும், பிடிப்பும் ஏறும். கூடவே டப்பாவிலிருந்து எடுப்பதும் கஷ்டமாகும், அலசுவதும் கஷ்டமாகும்.

இதை நேரில் பார்க்க ஒரு காலைப் பொழுது போதும். கனமான எண்ணெய்ப் பொமேட்டை விரல் நுனியால் எடுக்க முடியாது. கட்டைவிரல் நகத்தின் முதுகால் சுரண்ட வேண்டும். சோப்புக்கட்டியைச் சுரண்டுவது போல ஒரு சுருள் வரும். அதை உள்ளங்கையில் வைத்து, இரண்டு கையையும் சேர்த்து அழுத்தித் தேய்க்க வேண்டும். முதல் சில நொடிகள் கட்டி கட்டியாக உருளும். கை சூடேற ஏற இழுவை குறைந்து, பிறகு உள்ளங்கை முழுக்கக் கண்ணாடிபோல ஒரு பூச்சு பரவும். அந்தக் கணத்தில்தான் தலைக்குக் கொண்டுபோக வேண்டும். கட்டி இருக்கும்போதே அவசரப்பட்டுத் தடவினால், அது முன்முடியில் ஒரே இடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். எவ்வளவு சீப்பு போட்டாலும் நகராது. குளிர்ந்த காலையில் டப்பாவின் மேற்பரப்பில் ஹேர் டிரையரைச் சில நொடி காட்டினால் இந்த வேலை எளிதாகும்.

இந்தச் சுரண்டலும் தேய்த்தலும் சிலருக்குப் பிடிக்கும். அது எனக்கு நாளின் முதல் நிதானமான நிமிடம். ஐந்து நிமிடத்தில் கிளம்ப வேண்டியவருக்கு அதுவே பெரிய எரிச்சலாகிவிடும். இதைக்கூட யோசித்து வாங்குங்கள்.

இன்னொன்றும் உண்டு. உயரத்தைப் பொமேட் மட்டுமே தருவதில்லை. ஈரமுடியை வேரிலிருந்து தூக்கியபடி டிரையரால் உலர்த்தினால் வடிவம் அங்கேயே பாதி அமைந்துவிடும். பொமேட் அதைக் காத்தால் போதும். பிடிப்பு போதவில்லை என்று மேலும் மேலும் கனமான டப்பாவுக்குத் தாவுகிறவர்களில் பலருக்கு உண்மையில் தேவைப்படுவது டிரையரும் பொறுமையும்தான்.

பளபளப்பு எங்கிருந்து வருகிறது

முடியின் மேல்தோல் ஓடு வேய்ந்தது போலச் செதில் செதிலாக அடுக்கியிருக்கும். செதில்கள் படிந்திருந்தால் ஒளி ஒரே திசையில் திரும்பி மின்னும். தூக்கியிருந்தால் ஒளி சிதறி மங்கும். எண்ணெய் அந்த இடைவெளிகளை நிரப்பி மேற்பரப்பைச் சமமாக்குகிறது. முடிகளும் ஒரே திசையில் சேர்ந்து படுக்கின்றன. நெருக்கமான பல் உள்ள சீப்பால் வாரும்போது பளபளப்பு கூடுவது இதனால்தான். அதே பொமேட்டை விரலால் கோதிவிட்டால் மினுமினுப்பு பாதியாகக் குறையும். பளபளப்பு கொஞ்சம் அதிகம் என்று தோன்றினால், வேறு டப்பா வாங்கும் முன் சீப்பை வைத்துவிட்டு விரலால் கோதிப் பாருங்கள்.

எண்ணெய் வகையின் பளபளப்பில் ஆழம் இருக்கும், ஈரம் போலவே தோன்றும், மாலை வரை குறையாது. இறுகும் வகை காலையில் கண்ணாடிபோல மின்னும். படலம் காய்ந்ததும் கொஞ்சம் அடங்கும், உடைந்தால் மங்கிவிடும். இறுகாத கிரீம் வகை நடுவில் நிற்கும்: ஆரோக்கியமான முடியின் மினுமினுப்பு, அதற்கு மேல் இல்லை. அலுவலகத்துக்குத் தினமும் போகிறவருக்கு நான் சொல்வது அந்த மினுமினுப்பைத்தான். படங்களில் நன்றாகத் தெரியும் அதிகப் பளபளப்பு, ஒரு மேசைக்கு எதிரே உட்கார்ந்திருப்பவருக்கு எண்ணெய் வடிவதாகத் தெரியலாம்.

அதிகப் பளபளப்பு வேண்டவே வேண்டாம் என்று நான் உறுதியாகச் சொல்வது ஒருவருக்குத்தான்: முடி குறைந்து வருபவருக்கு. எண்ணெய் முடிகளைக் கற்றை கற்றையாகச் சேர்க்கும். கற்றைகளுக்கு நடுவே உச்சந்தலைத் தோல் தெரியும், அந்தத் தோலும் சேர்ந்து மின்னும். இருக்கிற முடியும் குறைவாகத் தெரியும். அவர் பொமேட் பக்கமே வராமல், கயோலின், பென்டொனைட் போன்ற களிமண் சேர்ந்த, 'கிளே' என்ற பெயரில் விற்கும் முடிப்பசையை வாங்குவது நல்லது. களிமண் துகள் ஒளியைச் சிதறடித்து மங்கலாக்கும், முடிக்குத் தடிமனும் தரும்.

யார் முடிக்கு எது

மெல்லிய பூனைமுடி உள்ளவர் கனமான எண்ணெய்ப் பொமேட்டைத் தொட வேண்டாம். காலையில் நின்றாலும் பத்து மணிக்குள் பாரம் தாங்காமல் சரிந்துவிடும். இறுகும் தண்ணீர் வகை, அதுவும் கொஞ்சமாக, சரியாக வரும். முள்ளாக நிமிர்ந்து நிற்கும் தடித்த முடிக்குக் கதையே வேறு. லேசான கிரீமெல்லாம் அதைப் படிய வைக்காது. மெழுகு அதிகமுள்ள எண்ணெய்ப் பொமேட்தான் அதைச் சொன்னபடி கேட்க வைக்கும். சுருட்டை முடிக்கு இறுகுவது வேண்டாம். சுருளை நொறுக்கி மொறமொறப்பாக்கிவிடும். லேசான எண்ணெய் வகையோ இறுகாத கிரீமோ சுருளைப் பிரித்துக் காட்டும்.

தட்பவெப்பத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். காற்றில் ஈரம் அதிகமான நாள்களில் பிவிபி ஈரத்தை உறிஞ்சி இளகும், பிசுபிசுக்கும். பளபளப்புக்காகச் சேர்க்கும் கிளிசரினும் ஈரத்தை இழுக்கும். எண்ணெய் வகைக்கு ஈரம் ஒரு பொருட்டே இல்லை, வெப்பம்தான் எதிரி. கொளுத்தும் வெயிலில் மெழுகு குறைவான பொமேட் இளகி நெற்றியில் இறங்கும். தலைக்கவசம் போடுபவருக்கு இறுகும் வகை ஏமாற்றமே தரும்: கழற்றும்போது படலம் நொறுங்கியிருக்கும், சீப்பும் உதவாது. மறுபடி வாரக்கூடிய இரண்டில் ஒன்றை எடுத்து, ஒரு சீப்பைச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வதே வழி.

அலசல்

இந்தப் பகுதியைப் படித்துவிட்டு எண்ணெய் வகை வேண்டுமா என்று முடிவு செய்யுங்கள்.

தண்ணீரில் கரைவனவற்றுக்குப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. வெதுவெதுப்பான தண்ணீர், ஒரு முறை ஷாம்பு, அவ்வளவுதான். எண்ணெய் வகையில் எல்லோரும் செய்யும் தவறு, நேராகத் தலையை நனைப்பது. நனைந்தால் பொமேட்டின் மேல் தண்ணீர்ப் படலம் உட்கார்ந்து ஷாம்புவை உள்ளே விடாது. எண்ணெயை எண்ணெய்தான் கரைக்கும். முடி காய்ந்திருக்கும்போதே தலைக்கு வைக்கும் எந்த எண்ணெயையாவது ஒரு கரண்டி அளவு எடுத்து, வேர் வரை பிசைந்து, ஐந்து நிமிடம் விடுங்கள். கெட்டியாக இருந்த பொமேட் இளகி வழுக்குவது விரலிலேயே தெரியும். அப்புறம் தண்ணீர் படாமல் ஷாம்புவை நேரடியாக அதன் மேலேயே தேய்க்க வேண்டும். முதலில் நுரைக்காது, கலங்கலாக ஒரு பசைதான் வரும். கவலைப்படாமல் தேய்த்துவிட்டு வெதுவெதுப்பான தண்ணீரில் அலசுங்கள். இரண்டாவது ஷாம்புவில் நுரை பொங்கும். நுரை வந்துவிட்டால் பொமேட் போய்விட்டது என்று அர்த்தம்.

பாத்திரம் கழுவும் திரவத்தைப் போட்டால் ஒரே தடவையில் போய்விடும் என்று பலர் சொல்வார்கள். போகும். கூடவே முடியின் சொந்த எண்ணெய்ப் பசையும் போய் நார் மாதிரி ஆகிவிடும். வேண்டாம்.

ஒரு நாளில் முழுதாகப் போகாவிட்டாலும் பரவாயில்லை. எண்ணெய்ப் பொமேட்டை விரும்புகிறவர்கள் மிச்சம் இருப்பதையே விரும்புவார்கள். முதல் நாள் பொமேட் முடிக்குள் இறங்கி அடித்தளமாகிவிடும். இரண்டாம் நாள் பாதி அளவு எடுத்தாலே வாகாகப் படியும். எனக்கும் இரண்டாம் நாள் முடிதான் அழகாகத் தோன்றும். ஆனால் தலையணைக்குத் தனி உறை வேண்டும். 19-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் மக்காஸர் எண்ணெய் தடவிய தலைகளிடமிருந்து நாற்காலியைக் காக்க அதன் முதுகில் விரித்த துணிக்கு 'ஆன்டிமக்காஸர்' என்றே பெயர் வைத்தார்கள். கறைப் பிரச்சினை அவ்வளவு பழையது.

தோலையும் கவனிக்க வேண்டும். நெற்றியிலும் கிருதாப் பக்கத்திலும் சிறு சிறு பருக்கள் வரிசையாகக் கிளம்பினால், காரணம் பொமேட்டாக இருக்கலாம். தோல் மருத்துவத்தில் 'பொமேட் ஆக்னி' என்று இதற்குப் பெயரே உண்டு. எண்ணெய்ப் பசை துளைகளை அடைப்பதால் வருவது. முகத்தில் ஏற்கெனவே பரு வருபவர் தண்ணீர் வகைக்கு மாறுவது நல்லது; எதைப் போட்டாலும் முடி தொடங்கும் எல்லைக்கு ஒரு விரல் பின்னாலிருந்து தடவ வேண்டும். லானோலின் சிலருக்கு ஒவ்வாது, வாசனைப் பொருள்களும் அப்படித்தான். புது டப்பாவை முதலில் காதுக்குப் பின்னால் கொஞ்சம் தடவி ஒரு நாள் பார்த்துவிடுங்கள்.

டப்பாவைத் திருப்பிப் பாருங்கள்

முன்பக்கம் விளம்பரம், பின்பக்கம் உண்மை. சேர்மானங்களை அதிக அளவில் இருப்பதிலிருந்து குறைவானது வரை வரிசையாக எழுதுவதுதான் வழக்கம். முதல் பெயர் பெட்ரோலேட்டம் என்றால் எண்ணெய் வகை. அக்வா அல்லது வாட்டர் என்றால் தண்ணீர் வகை. பிவிபி என்றோ, அதைப் போன்ற பெயரோ மேல் வரிசையில் இருந்தால் இறுகும். அது இல்லாமல் தண்ணீரோடு மெழுகும் எண்ணெயும் முன்னால் இருந்தால் பெரும்பாலும் இறுகாது. 'கிரீஸ்' என்று மூடியில் இருந்தால் எண்ணெய் வகை என்று வைத்துக்கொள்ளலாம்.

முதல் பொமேட் வாங்குகிறவர் என்னிடம் கேட்டால் இறுகாத தண்ணீர் வகையில், நடுத்தரப் பிடிப்பு, நடுத்தரப் பளபளப்பு என்பேன். தவறு செய்தாலும் இரவில் அலசிவிடலாம், பகலில் திருத்திக்கொள்ளலாம். ஆழமாக வகிடு எடுத்துப் பக்கவாட்டில் படிய வாரி, ஈரம் சொட்டுவது போன்ற மினுமினுப்போடு நாள் முழுக்க இருக்க வேண்டும், வாரத்தில் இரண்டு மூன்று நாள் மட்டுமே தலைக்குக் குளிப்பேன் என்கிறவருக்கு எண்ணெய் வகையை மிஞ்சியது இல்லை. அதிலும் கனமானதற்கு முன் நடுத்தரத்தை வாங்கிப் பழகட்டும். காலையில் வைத்தது இரவு வரை அசையக் கூடாது, நடுவில் சீப்பைத் தொட மாட்டேன், மேடை, படப்பிடிப்பு, விழா என்பவர் இறுகும் வகையை எடுக்கட்டும். எனக்குப் பிடித்தது எண்ணெய் வகை, அந்த முதல் தலையணைக் கறைக்குப் பிறகும். ஆனால் அலசத் தெரிந்துகொண்ட பிறகுதான் அது பிடித்தது.

எதை வாங்கினாலும் சிறிய டப்பாவாக வாங்குங்கள். முதல் நாள் சுண்டுவிரல் நக அளவுக்குமேல் எடுக்க வேண்டாம். துவட்டி, லேசான ஈரம் இருக்கும்போது பின்பக்கத்திலிருந்து தொடங்கி முன்பக்கம் வரை தடவுங்கள். முன்முடிக்குக் கையில் மிஞ்சியது போதும். போதவில்லை என்றால் அதே அளவு இன்னொரு முறை. மதியம் ஒரு மணிக்குக் கண்ணாடியில் பாருங்கள், இரவு அலசும்போது எத்தனை முறை ஷாம்பு தேவைப்பட்டது என்று எண்ணுங்கள். மூன்று நாள் இப்படிச் செய்துவிட்டுப் பெரிய டப்பாவுக்குப் போங்கள்.